ஜெபல் அலியைப் பார்த்த பிள்ளைகள் தூத்துக்குடியைப் பார்த்தார்களா?

ஐந்து நாள், நான்கு இரவு. முதல் நாள் துபாயில் இறங்கி ஓட்டல் அறை, மாலையில் படகில் விருந்து. இரண்டாம் நாள் காலை ஒரு தொழிற்சாலை, பிற்பகல் புர்ஜ் கலீஃபா. மூன்றாம் நாள் ஒரு நிறுவனத்தின் கூட்ட அரங்கில் விளக்கவுரை, அது முடிந்ததும் பாலைவனச் சவாரி. நான்காம் நாள் தேராவின் தங்கச் சந்தை. ஐந்தாம் நாள் ஊர் திரும்பல்.

வணிக நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் 'ஐ.வி.' (தொழிலகப் பார்வை) பயணங்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. ஊர் மட்டும் மாறும். சிங்கப்பூர் என்றால் யாகுல்ட் தொழிற்சாலை. கோலாலம்பூர் என்றால் 1885-இல் தொடங்கிய ராயல் செலாங்கூர் ஈயப் பாத்திரக் கூடம். இலங்கை என்றால் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை. பார்வையாளர்களுக்கென்றே கண்ணாடித் தடுப்பும் வழிகாட்டியும் விற்பனைக் கூடமும் வைத்திருக்கும் இடங்கள் இவை. அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். சரக்கு திரும்பி வந்த கதையையும், பணம் வராமல் தவித்த மாதத்தையும் அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். வணிகம் படிப்பவருக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான்.

செலவு அரை லட்சத்தைத் தாண்டுகிறது. நகையை அடகு வைத்தும் வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் கேட்டும் அந்தப் பணத்தைக் கட்டுகிற வீடுகள் உண்டு. அப்படிக் கட்டிய பணத்துக்குப் பிள்ளை எதைக் கற்று வருகிறது? இந்தக் கேள்வியை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நின்று கேட்டால் அதன் கனம் இன்னும் கூடுகிறது.

சபர் போன கடற்கரை

தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு ஏர்வாடி என்றால் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் தர்கா, சந்தனக்கூடு, நோய் தீர வேண்டி வந்து தங்கும் மனிதர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் கருகி மாண்ட கொடுமையும் நினைவுக்கு வரும். ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. தர்காவுக்கு வருகிறவர்களை நம்பிய விடுதிகளும் கடைகளும் ஒருபுறம், மீனும் பாசியுமாகக் கடலை நம்பிய சின்ன ஏர்வாடி மறுபுறம். வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் கீழக்கரை. கல்லூரிப் படிப்பு என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தென்படும் ஊர் அதுதான். முகமது சதக் பொறியியல் கல்லூரி, தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, செய்யது ஹமீதா கலை அறிவியல் கல்லூரி என்று சிறிய ஊரில் பெரிய நிறுவனங்கள். வெளிநாட்டில் சம்பாதித்த வணிகர்கள் ஊருக்குத் திருப்பிக் கொடுத்த சொத்து இவை.

இந்தக் கடற்கரைக்கு வெளிநாட்டு வணிகப் பயணம் புதிதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரை வணிகர் சீதக்காதி மிளகு வணிகத்தில் டச்சுக்காரர்களோடு பேரம் பேசியவர். சேதுபதி மன்னருக்கு நெருக்கமானவர், உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல். பிற்காலத்தில் இந்தக் கரை வணிகர்கள் முத்தும் நவரத்தினமும் கொண்டு கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் போனார்கள். சபர் போவது, அதாவது பிழைப்புக்காகக் கடல் கடப்பது, இங்கே ஒரு வாழ்க்கை முறை. சபர் போன சபுராளியின் வீடு என்றால் தெருவில் ஒரு தனி மதிப்பு.

அந்த மரபின் அண்மைக்காலப் பெருந்தலை பி.எஸ். அப்துர் ரஹ்மான். 1927-இல் கீழக்கரையில் பிறந்தவர். இளம் வயதிலேயே ரத்தின வணிகத்துக்காகக் கடல் கடந்தவர். எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் படித்ததில்லை. சென்னையின் ஜெமினி மேம்பாலத்தைக் கட்டிய ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் அவருடையது. 1973-இல் துபாயில் அல் குரைர் குடும்பத்தாரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஈ.டி.ஏ. நிறுவனம் வளைகுடாவின் மிகப் பெரிய ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த நிறுவனத்தின் சம்பளத்தைப் பார்க்காத தெரு குறைவு. 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2015 ஜனவரியில் காலமானார்.

அதே நிறுவனம் 2010-களின் பிற்பாதியில் கடன் நெருக்கடியில் சிக்கிச் சுருங்கியது. ஊழியர்கள் சம்பள பாக்கிக்காக அலைந்தார்கள். இந்தக் கதையை மாணவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கட்டுமான ஒப்பந்ததாரருக்குப் பணம் எப்போது வரும், யார் தரவேண்டியதை யார் நிறுத்தி வைத்தார்கள், எண்ணெய் விலை சரிந்தால் கட்டடம் கட்டுகிறவன் ஏன் விழுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் உலகத்தில் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. பாடத்துக்குச் சாட்சிகள் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வேலை இழந்து ஊர் திரும்பிய மேற்பார்வையாளரையும், கணக்குப் பார்த்தவரையும் ஒரு வகுப்புக்கு அழைத்தால் போதும். விமானச் சீட்டு தேவையில்லை.

பெட்டியடியில் தொடங்கிய பட்டப்படிப்பு

முன்பு ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டமாக இருந்த நிலத்தின் வடக்குப் பகுதியில் நகரத்தார் வேறொரு வழியைக் கண்டிருந்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் சுமத்ராவிலும் இருந்த லேவாதேவிக் கடைக்கு இளம்பிள்ளையை அனுப்புவார்கள். முதலில் பெட்டியடிப் பையன். கடை கூட்டுவது, மை ஊற்றுவது, கடிதம் நகல் எடுப்பது அவன் வேலை. பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகுதான் மேலாள். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. கடைக்காரர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் ஒவ்வொருவர் பெட்டியும் பாயும் பக்கத்தில் பக்கத்தில். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரை வாசலோடு அனுப்ப வேண்டும், வட்டி எப்படிப் போகிறது என்பதெல்லாம் பையன் காதில் விழுந்தே தீரும். சிங்கம்புணரியில் பிறந்த எழுத்தாளர் ப. சிங்காரம் 1938-இல் சுமத்ராவின் மேடானுக்குப் போனது இப்படிப்பட்ட ஒரு வேலைக்குத்தான். அந்த வாழ்க்கையின் உள்விவரம் அவருடைய இரண்டு நாவல்களிலும் நிறைந்திருக்கிறது.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்தில் கிட்டங்கி இல்லை. உறவினர் கடைதான் பள்ளிக்கூடம். கொழும்பில் பெரியப்பா கடை, ஹாங்காங்கில் மச்சான் அலுவலகம். கல்லின் தரம் பார்ப்பது, வாங்க வந்தவரின் முகம் பார்ப்பது, வாய்வார்த்தையில் சரக்கைக் கொடுத்துவிட்டு மறுமாதம் பணம் வாங்குவது எல்லாம் அங்கே படிந்தவை.

அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். பையன்கள் வதைபட்டார்கள்; சம்பளம் அற்பம்; பெண்களுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் அதில் இருந்த ஒன்றை இன்றைய ஐந்து நாள் பயணம் தொலைத்துவிட்டது. போனவனுக்கு ஒரு வேலை இருந்தது. அவனிடம் யாரோ கணக்குக் கேட்டார்கள். இன்றைய மாணவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேருந்திலிருந்து இறங்குகிறார், குழுப்படம் எடுக்கிறார், ஏறுகிறார்.

துபாய்க்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று என்னை உறுத்துகிறது. இந்தக் கடற்கரைப் பிள்ளைகளில் பலருக்கு வாப்பாவோ அண்ணனோ மாமாவோ அதே ஊரில் இருக்கிறார்கள். சோனாப்பூர் முகாமில் எட்டுப் பேர் அறையில் ஒருவர், தேராவில் மொபைல் கடையில் ஒருவர், கார்கோ நிறுவனத்தில் பெட்டி கட்டும் ஒருவர். ஐக்கிய அரபு அமீரகத்தின் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர் என்ற புள்ளிவிவரத்தை வகுப்பில் படித்த பிள்ளைக்கு, அந்த ஒன்பது பேரில் ஒருவரான தன் தந்தையைப் பார்க்கப் பயணத் திட்டத்தில் ஒரு மாலைதான் ஒதுக்கப்படுகிறது. அதுவும் ஓட்டல் வரவேற்பறையில்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023-24-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமீரகத்திலிருந்து வந்தது. மொத்தத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். அந்தப் பணம் எந்த எக்ஸ்சேஞ்ச் வழியாக, என்ன கட்டணத்தில், எந்த நாளில் அனுப்பப்படுகிறது? விசாவுக்கு யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள்? கார்கோ பெட்டி எத்தனை கை மாறி ஏர்வாடி வாசலுக்கு வருகிறது? ஒரு மாணவி இரண்டு நாள் அந்தக் கார்கோ கடையில் உட்கார்ந்து இவற்றை எழுதிக்கொண்டு வந்தால், அது எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் விளக்கவுரையையும்விடப் பெரிய படிப்பு.

பெப்சி பாசி சொல்லும் பாடம்

வெளிநாட்டுக்குப் போகும் முன் கையில் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வாதிடுவேன். இந்தக் கரைக்கு அந்தப் பொருள் கடற்பாசி.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து இந்தப் பக்கம் வரை மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுப்பது பல தலைமுறைத் தொழில். விரலில் துணியைச் சுற்றி, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் அந்தத் தொழில் வனத்துறையோடு ஓயாத தகராறாக மாறியது. பிறகு வந்தது கப்பாஃபைகஸ். பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பாசியை மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்துப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி பெப்சிகோ நிறுவனம் அதை வணிகமாக எடுத்து நடத்தியது. அதனால் மீனவர் வாயில் அது இன்றும் 'பெப்சி பாசி'. 2008-இல் அக்வாஅக்ரி நிறுவனம் அந்தத் தொழிலை ஏற்றது. அதன் ஆலை மானாமதுரையில் இருக்கிறது.

பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை. அறுபது கிலோ விதைப்பாசி கட்டினால் நாற்பத்தைந்து நாளில் இருநூறு கிலோவைத் தாண்டும். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும், பற்பசையைக் குழையாமல் நிறுத்தும். பிழிந்த சாறு பயிருக்கு ஊக்கியாகும். 'சாகரிகா' என்ற பெயரில் இஃப்கோ விற்பது அதைத்தான். 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறியதிலும் நோயிலும் பாசி கொத்துக் கொத்தாக அழிந்து, மிதவைக் கடன் வாங்கிய சுய உதவிக் குழுப் பெண்கள் தவித்துப்போனார்கள். குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் இந்த அயல்பாசி படர்ந்ததும் பெரிய சர்ச்சையானது. 2023 செப்டம்பரில் இந்த மாவட்டத்தின் வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பன்னாட்டு நிறுவனம் ஒன்று நம் கரைக்கு வந்து, ஒரு தொழிலைத் தொடங்கி, கைமாற்றிவிட்டுப் போன கதை இது. ஒப்பந்தச் சாகுபடி, கொள்முதல் விலை, நோய், சுற்றுச்சூழல் சட்டம், அரசுத் திட்டம் என்று எம்.பி.ஏ.வின் பாதிப் பாடம் இதில் இருக்கிறது. உலகக் கடற்பாசி உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவும் இந்தோனேசியாவும் வைத்திருக்க, இந்தியாவின் பங்கு மிகச் சிறியது. ஏன்? சின்ன ஏர்வாடிக் கரையில் காயும் பாசியை விலை விசாரித்த பிள்ளை, மானாமதுரை ஆலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் சுலவேசித் தீவின் மக்காசாருக்கோ பிலிப்பைன்ஸின் போஹோலுக்கோ போனால் அவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். அங்கே விவசாயிக்கு முன்பணம் யார் தருகிறார், ஈரப்பதம் கூடினால் எவ்வளவு கழிக்கிறார்கள், விதைப்பாசி நலிந்தால் புது விதை எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். எதிரில் இருப்பவரும் இவரைச் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கமாட்டார்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்தும் இதே பயணத்தைப் போடலாம். கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அன்று உலகிலேயே ஓரிடத்தில் அமைந்தவற்றில் மிகப் பெரியது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு அரசின் உப்புக் கழக உப்பளம் இருக்கிறது. இவற்றையெல்லாம் மாணவர்கள் பேருந்து ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை.

கொழும்பு ஏன் முதலில் வர வேண்டும்

துபாயின் ஜெபல் அலித் துறைமுகம் 1979-இல் திறந்தது. 1985-இல் அதையொட்டித் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. பாலைவனத்தில் இப்படி ஒரு துறைமுகமா என்று வியப்பது நியாயம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாக இரண்டு மணி நேரத்தில் எட்டும் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் சரக்குப்பெட்டக முனையத்தைப் பார்க்காமல் ஜெபல் அலியைப் பார்த்தால், வியப்பதற்கு மேல் ஒன்றும் நடக்காது. எதோடு ஒப்பிடுவது?

தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பெரும்பங்கு நேரே ஐரோப்பாவுக்குப் போவதில்லை. சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. இந்தியாவின் மாற்றுக்கப்பல் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெளிநாட்டுத் துறைமுகங்களே கையாண்டு வந்தன என்பது ஒன்றிய அரசே சொன்ன கணக்கு. கொழும்பும் சிங்கப்பூரும் கிளாங்கும்தான் அதில் முன்னணி. கூடுதல் செலவும் கூடுதல் நாளும் திருப்பூர்ப் பனியன்காரர் தலையிலும் நம் கடல் உணவு ஏற்றுமதியாளர் தலையிலும் விழுகிறது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது இந்த நிலையை மாற்றத்தான். ஒரு பெட்டியைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புவரை காகிதத்தோடு காகிதமாகப் பின்தொடரும் பயணம் அமைந்தால், அதற்குமேல் சர்வதேச வணிகத்துக்குத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை.

கொழும்பில் மொழிச் சிக்கல் இல்லை. புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர் தமிழில் பேசுவார். பேருவளைச் சந்தையில் ரத்தினக் கல் கைமாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நம் முன்னோர் பிழைத்த அதே வணிகம். செலவும் துபாய்க்கு ஆகும் அளவு ஆகாது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களின் போர்ச்சூழலில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் மீண்டும் ஓடினால் அதிகம் பயன்பெறுவது இந்த மாவட்டத்துச் சிறுவணிகரும் மாணவரும்தான். நடுவே மீனவர் கைதுகள் தொடரும் கடல் அது என்பதையும் சேர்த்தே பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்காக

இவ்வளவு குறை சொன்னாலும் பயணத்தையே நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். காரணம் பெண் பிள்ளைகள். சபர் என்பது ஆண்களுக்கே ஆன கரை இது. அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு கட்டி, பிள்ளை வளர்த்து, வரவுசெலவு பார்த்து, நிலம் வாங்கிப் போட்ட பெண்கள் அந்த ஊர்களை வீடியோ அழைப்பில் மட்டுமே பார்த்தார்கள். இன்று அவர்களுடைய மகள் பி.பி.ஏ.வும் எம்.பி.ஏ.வும் படிக்கிறாள். கல்லூரி அழைத்துப்போகிறது, பேராசிரியர் கூடவே வருகிறார் என்பதால்தான் பல வீடுகளில் அனுமதி கிடைக்கிறது. மதுரை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழும்போது அவளுக்கு ஒரு கதவு திறக்கிறது. அது பாலைவனச் சவாரியில் முடிந்துவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

வசதியில்லாத பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவர்களை அமீரகத்துக்குக் கல்விச் சுற்றுலா அனுப்பியது. 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024-இல் கல்லூரி மாணவர் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போனார்கள். தேர்வு வைத்து, அரசு செலவில் அனுப்பினார்கள். பணம் கட்ட முடிந்தவர் மட்டும் போகும் கல்லூரிப் பயணங்களுக்கு இது நல்ல முன்மாதிரி. கடல் கடந்து சம்பாதித்த வணிகர்கள் கட்டிய கல்லூரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில், பாசி எடுக்கும் தாயின் மகளையும் வருடத்துக்குச் சிலரையாவது அறக்கட்டளைச் செலவில் அனுப்புவது நடக்காத காரியம் இல்லை.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயண முகவர் நீட்டும் அச்சடித்த திட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, முதலில் தூத்துக்குடிக்கு ஒரு நாள் போங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஊரிலிருந்து ஒரு பொருளையும் அதைப் பற்றி ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்தபின் அறிக்கையைக் கல்லூரி அரங்கில் வாசிக்காமல், அந்தப் பொருளை விளைவிக்கும் பெண்களும் வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் பிள்ளை அங்கே யாரோடு உட்கார்ந்து, எத்தனை மணி நேரம், எதைப் பற்றிப் பேசப் போகிறது? பதில் வரவில்லை என்றால், பணத்தைக் கட்டாதீர்கள்.